குடிக்காதவனுக்கும் பத்தாயிரமா?

மணி_திருவெறும்பூர்
"குடித்தவன் வண்டியில் ஏறி உட்கார்ந்தவனும் பாதிக் குடிகாரன்தான். அவனுக்கும் பத்தாயிரம் போடுவதே சரி." இது அபராத இழையில் நேற்று ஹைவே நாடோடி ஐயா எழுதிய தீர்ப்பு. அங்கே பதில் போட்டால் ஹெல்மெட் சண்டையில் காணாமல் போய்விடும், அதனால் தனி இழை.

என் கதையைக் கேளுங்கள். விசேஷ வீட்டிலிருந்து மச்சான் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தேன். மச்சான் இரண்டு பீர். நான் சர்க்கரைக்காரன், பாயசத்தைக்கூடத் தொடவில்லை. பாலத்துக்குக் கீழே மறித்தார்கள். மச்சானை ஊதச் சொன்னார்கள், 68 காட்டியது. என்னையும் ஊதச் சொன்னார்கள், சைபர். சைபர் என்று சத்தமாகப் படித்துவிட்டு, கையோடு என் பெயரையும் சேர்த்து எழுதுகிறார் அந்த அதிகாரி. மெஷினே எனக்குச் சாட்சி சொல்லிவிட்டது. இதற்கு மேல் ஒரு மனிதன் எப்படி நிரூபிப்பது?

ஹைவே நாடோடி
என் பெயரைச் சொல்லி இழை திறந்ததற்கு நன்றி மணி சார். ஒரே கேள்வி. மெஷின் உங்களுக்குச் சைபர் காட்டியது, சரி. அப்படியானால் சாவியை ஏன் நீங்கள் வாங்கவில்லை?

குடிமகன்77
மச்சான் குடித்தது இரண்டு பீர்தானா? 68 என்றால் கணக்கு உதைக்கிறதே. விசேஷ வீட்டில் மாடியில் வேறு ஏதோ ஓடியிருக்கிறது 😄

வக்கீல் வாசு
இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 185: நூறு மில்லி ரத்தத்தில் ஆல்கஹால் 30 மில்லிகிராமைத் தாண்டினால் குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவை பத்தாயிரம் அல்லது ஆறு மாதம், இல்லை இரண்டும். கூட வருபவரையும் சேர்ப்பதை 2022 அக்டோபரில் சென்னை போக்குவரத்து போலீஸ் அறிவித்தது. அதற்கு ஆதாரம் பிரிவு 188, அதாவது உடந்தையாக இருப்பவருக்கும் அதே தண்டனை. சும்மா உட்கார்ந்திருப்பதே உடந்தையா என்பது வாதாட வேண்டிய விஷயம். மணி சார், கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு பணம் கட்டிவிடாதீர்கள். மறுத்துச் சொல்லுங்கள்.

ஹைவே நாடோடி
வக்கீல் சார் பிரிவு சொல்லிவிட்டார், சந்தோஷம். என் கேள்விக்குப் பதில் வரவில்லை. சாவியை ஏன் வாங்கவில்லை?

மணி_திருவெறும்பூர்
எனக்குக் கியர் வண்டி ஓட்ட வராது. போதுமா? லைசென்ஸும் கிடையாது. நான் ஓட்டியிருந்தால் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினான் என்று அதற்கும் எழுதியிருப்பார்கள். அதற்கும் நீங்கள் இங்கே வந்து "சரியே" என்று எழுதியிருப்பீர்கள்.

ஹைவே நாடோடி
ஓட்டத் தெரியாதவர் ஆட்டோவில் வந்திருக்கலாம். பஸ்ஸில் வந்திருக்கலாம். விசேஷ வீட்டிலேயே பாய் விரித்துப் படுத்திருக்கலாம். அத்தனையும் விட்டுவிட்டு, தள்ளாடுகிற ஆளின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள்.

ஜப்பானில் இதெல்லாம் பேச்சே கிடையாது. 2006-ல் ஃபுகுவோக்காவில் குடித்துவிட்டு ஓட்டியவன் பின்னால் இடித்ததில் ஒரு குடும்பத்து கார் பாலத்திலிருந்து கடலில் விழுந்தது, மூன்று குழந்தைகள் போய்ச் சேர்ந்தன. மறு வருடமே சட்டத்தைத் திருத்தினார்கள். குடித்தவன் என்று தெரிந்தும் ஏறி உட்கார்ந்தவன், குடிக்க ஊற்றிக் கொடுத்தவன், வண்டியைக் கொடுத்தவன் என எல்லோரும் உள்ளே. என் மருமகன் நகோயாவில் இருக்கிறார். ஆபீஸ் பார்ட்டிக்கு ஒருத்தர்கூடக் காரை எடுப்பதில்லையாம்.

மணி_திருவெறும்பூர்
உங்கள் மருமகன் நகோயாவில் இருப்பது இந்தத் தளத்தில் எல்லோருக்கும் மனப்பாடம் ஐயா. அங்கே சாராயக் கடையை அரசாங்கம் நடத்துகிறதா என்று அவரைக் கேட்டுச் சொல்லுங்கள். ஊற்றிக் கொடுத்தவனும் உள்ளே என்றால், 2003-லிருந்து தமிழ்நாடு முழுக்க ஊற்றிக் கொடுப்பது யார்? பாட்டிலில் இருப்பது யார் முத்திரை? டாஸ்மாக் பார் வாசலில் சாயங்காலம் வரிசையாக நிற்கும் பைக்கெல்லாம் என்ன கண்காட்சிக்கா? அதைத் தாண்டி அரை கிலோமீட்டரில் ஜீப்பை நிறுத்திக்கொண்டு ஊதச் சொல்வார்களாம். அவர்களுக்கு 188 கிடையாது. சைபர் காட்டிய எனக்கு உண்டு.

குடிமகன்77
இந்த வருடத்தின் சிறந்த பதிவு. மணி அண்ணே, உங்களுக்கு என் கணக்கில் ஒரு குவார்ட்டர். ஆட்டோவில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

கவிதா சேலம்
சாவியை ஏன் வாங்கவில்லை என்று ஆம்பளைகள் மாறி மாறிக் கேட்டுக்கொள்கிறீர்கள். வாங்கிப் பார்த்தவள் சொல்கிறேன். கோயில் திருவிழா, ராத்திரி பத்தரை. அவர் குடித்திருக்கிறார் என்று தெரியும். சாவியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன். நாலு பேர் பார்க்க என்ன விழுந்தது என்று இங்கே எழுத முடியாது. அப்புறம் பேசாமல் ஏறி உட்கார்ந்தேன். பெரியவன் டேங்கின் மேல், சின்னவள் என் மடியில். போலீஸ் மறித்தால் எனக்கும் பத்தாயிரமாம். அவருடையதை யார் கட்டுவது? நான் சீட்டு போட்டுச் சேர்த்த பணம்தான் போகும். என்னுடையதும் அதிலிருந்துதான். ஆக ஒரு குடிக்கு இருபதாயிரம், இரண்டையும் கட்டுவது குடிக்காதவள். நாடோடி ஐயா இதற்கு என்ன சொல்கிறார்?

ஹைவே நாடோடி
தங்கச்சி, உங்கள் விஷயம் வேறு. பெண்கள், குழந்தைகளைப் பற்றி நான் பேசவே இல்லை. மணி சார் ஆம்பளை. அவரை யாரும் அடிக்கவில்லை. சாவியை ஏன் வாங்கவில்லை?

கவிதா சேலம்
வேறு என்று நீங்கள் சொல்கிறீர்கள். அபராதச் சீட்டு எழுதுகிறவர் சொல்லணுமே.

புள்ளி ராஜா
எல்லோரும் உணர்ச்சிவசப்படுகிறீர்கள். 2022-ல் நாடு முழுக்கச் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884. இதில் குடிபோதை என்று அரசுக் கணக்கில் ஏறியது சுமார் இரண்டரை சதவீதம்தான். பத்தில் ஏழு சாவுக்கு மேல் அதிவேகத்தின் கணக்கில் இருக்கிறது. முதலில் வேகத்தைப் பிடியுங்கள்.

ஹைவே நாடோடி
ராஜா தம்பி, அந்த இரண்டரை சதவீதம் எப்படி வருகிறது தெரியுமா? செத்தவன் வாயை யார் ஊதிப் பார்த்தார்கள்? பிடிபட்டவனுக்கே கைது செய்து இரண்டு மணி நேரத்துக்குள் டாக்டர் பார்க்க வேண்டும் என்று சட்டம். நடுராத்திரி அடிபட்டுக் கிடப்பவனை 108-ல் ஏற்றி, எந்த ஆஸ்பத்திரி என்று முடிவு செய்து, சொந்தக்காரன் வந்து சேர்வதற்குள் எல்லாம் இறங்கிவிடும். எழுதுகிறவர் "அதிவேகம், அஜாக்கிரதை" என்று எழுதி முடித்துவிடுவார். குடித்தவனும் வேகமாகத்தானே போனான்!

என் லாரி ஒன்று ஓரமாக, பார்க்கிங் லைட் எரிய நின்றிருந்தது. ஒரு பைக்கில் மூன்று பேர் வந்து பின்னால் சொருகினார்கள். லைட்டின் கண்ணாடித் தூளோடு பாட்டில் தூளும் கலந்து கிடந்ததை என் டிரைவர் போனில் படம் எடுத்து அனுப்பினான். கேஸ் யார் மேல்? நின்ற லாரி மேல். ஓட்டியவன் பிழைத்துக்கொண்டான், நடுவில் இருந்தவனும் பிழைத்துக்கொண்டான், கடைசியில் உட்கார்ந்தவன் போய்விட்டான். அவன் குடித்தானா இல்லையா என்று எனக்குத் தெரியாது. எனக்கு ஒன்றே ஒன்றுதான், அவன் ஏறாமல் இருந்திருந்தால் இருந்திருப்பான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். "லாரிக்காரன் எல்லாம் குடித்துவிட்டுத்தான் ஸ்டியரிங்கைப் பிடிக்கிறான்" என்று போன வருடம் சுங்கச்சாவடி இழையில் எழுதியவர் இதே மணி சார்தான். நாங்கள் மறக்கவில்லை. இன்று மச்சானுக்கு 68.

மணி_திருவெறும்பூர்
ஓ, கதை அங்கே போகிறதா! பழைய பாக்கியை வசூலிக்க வந்திருக்கிறீர்கள். அந்த இழையில் நான் "சில லாரிக்காரர்கள்" என்று எழுதினேன். "எல்லாம்" என்பது நீங்கள் சேர்த்தது.

ஹைவே நாடோடி
"எல்லாம்" என்றுதான் இருந்தது. அப்புறம் திருத்தினீர்கள்.

நெறியாளர்
பழைய இழைகளைத் தோண்ட வேண்டாம். தலைப்புக்கு வாருங்கள்.

வக்கீல் வாசு
யாராவது கேட்டால் சொல்கிறேன், கேட்காவிட்டாலும் சொல்கிறேன். பத்தாயிரம் பெரிய விஷயமே இல்லை. ஆள் செத்தால் என்ன பிரிவு போடுகிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அஜாக்கிரதை என்று போனால் புதிய குற்றவியல் சட்டத்தில் (பாரதிய நியாய சன்ஹிதா) 106, அதிகபட்சம் ஐந்து வருடம். மும்பை கார்ட்டர் ரோட்டில் 2006-ல் குடித்தவன் ஓட்டிய கார் ஏறி, நடைபாதையில் தூங்கிய தொழிலாளர்கள் ஏழு பேர் இறந்தார்கள். கொலையாகாத மரணம் என்ற கடுமையான பிரிவில்தான் உச்ச நீதிமன்றம் 2012-ல் தண்டனையை உறுதி செய்தது. அப்படியும் மூன்று வருடம்தான். 2024 மே மாதம் புனேயில் பதினேழு வயதுப் பையன் போர்ஷே காரில் இரண்டு பேரை இடித்துக் கொன்றான், முதலில் கிடைத்தது முந்நூறு சொல் கட்டுரையோடு ஜாமீன். ரத்த மாதிரியையே மாற்றியதாக டாக்டர்கள் கைதானார்கள். இதைப் பேசலாமே?

குடிமகன்77
முந்நூறு சொல்லா? நாடோடி ஐயாவின் ஒரு பதிவே அதைத் தாண்டும். அவருக்கு ஜாமீன் உறுதி.

ஹைவே நாடோடி
சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். புனே காரிலும் கூட உட்கார்ந்தவர்கள் இருந்தார்கள். நான் முதலிலிருந்து சொல்வது அதைத்தான்.

கவிதா சேலம்
கடையைப் பற்றி மணி அண்ணன் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அங்கிருந்து தூக்கி எங்கே வைத்தார்கள்? எங்கள் தெருக்களுக்குள். சாமளாபுரத்தில் எதிர்த்து நின்ற பெண்ணைப் போலீஸ் அதிகாரி அறைந்ததை டிவியில் எல்லோரும் பார்த்தோம். ஜெயலலிதா 500 கடை மூடினார், எடப்பாடி 500, ஸ்டாலின் 500. எங்கள் கடை மட்டும் எல்லோர் கணக்கிலும் தப்பிவிட்டது.

ஹைவே நாடோடி
கடை இருந்தால் குடித்தே ஆக வேண்டுமா? கத்தி கூடத்தான் கடையில் விற்கிறது. நான் மறுபடி கேட்கிறேன். ஆட்டோ இல்லையா அந்த ஊரில்?

மணி_திருவெறும்பூர்
இருந்தது. ஆறு கிலோமீட்டருக்கு நானூறு கேட்டான். மீட்டரைக் காட்டினால் சிரிக்கிறான்.

பம்மல் ஆட்டோ
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு சும்மாதான் இருந்தேன். "கேட்டான்", "சிரிக்கிறான்" என்று எழுதுகிற மரியாதையை முதலில் கவனியுங்கள் சார். அரசாங்கம் மீட்டர் கட்டணம் வைத்தது 2013-ல். முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12. அன்றைக்கு பெட்ரோல் என்ன விலை, அப்புறம் என்ன விலைக்குப் போனது? ராத்திரி பதினொரு மணிக்கு ஆறு கிலோமீட்டர் போய்விட்டுக் காலியாகத் திரும்பி வர வேண்டும். நானூறு அதிகம் என்று மச்சான் பைக்கில் ஏறினீர்கள், இப்போது பத்தாயிரம்.

ஹைவே நாடோடி
ஆட்டோக்காரர் சொன்னார் பாருங்கள்! இதைத்தான் நானும் சொல்கிறேன்.

பம்மல் ஆட்டோ
நீங்களும் நிறுத்துங்கள் ஐயா. "ஆட்டோவில் போ" என்று சுலபமாகச் சொல்கிறீர்கள். குடித்தவரை ஏற்றினால் சீட்டில் வாந்தி, வீடு எது என்று அவருக்கே தெரியாது, இறங்கினால் பணம் இல்லை. உங்கள் லாரியில் ஏற்றிப் போய் விடுங்களேன்.

மணி_திருவெறும்பூர்
அப்படியே ராத்திரிக் கட்டணத்தையும் சொல்லிவிடுங்கள். ஒன்றரை மடங்குதானே? 25-ஐயும் 12-ஐயும் வைத்து ஆறு கிலோமீட்டருக்குப் போட்டுப் பாருங்கள். நூற்று பதினைந்தைத் தாண்டாது. நானூறு எங்கிருந்து வந்தது?

பம்மல் ஆட்டோ
68 எங்கிருந்து வந்ததோ அங்கிருந்துதான்.