தலைக்காயத்துக்குப் பிறகு குழுப் பயிற்சி: உண்மையில் எதனால் பலன்?

மேகலா_நியூரோ: மூளையில் அடிபட்டவர்களைக் கூட்டமாக உட்காரவைப்பது செலவைக் குறைக்கத்தான் என்று வேறொரு இழையில் எழுதியிருந்தார்கள். ஒப்புக்கொள்ள முடியாது. மூளையின் முன்பகுதியில் அடிபட்டவருக்குப் பெரும்பாலும் தன் குறை தனக்கே தெரியாது. டாக்டர் சொன்னாலும் மனைவி சொன்னாலும் சண்டைதான் வரும். எதிரே இருப்பவர் அதே மாதிரி பேச்சில் குறுக்கிடுவதைப் பார்த்தால்தான் உறைக்கும். நரம்பு உளவியலாளர் யெஹுதா பென்-யிஷாய் 1970-களில் இஸ்ரேலிலும் பிறகு நியூயார்க்கிலும் பகல்நேரக் குழுத் திட்டங்களை அமைத்தது இதை நம்பித்தான்.

ரவி_ஓடி: நம்பிக்கை சரி, சோதனை என்ன சொல்கிறது? அமெரிக்காவின் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனை ஆய்வு 2000-ல் வெளியானது. 120 பேர். ஒரு பிரிவுக்கு மருத்துவமனையில் குழு அமர்வுகளோடு 8 வாரப் பயிற்சி; மறு பிரிவுக்கு வீட்டுப் பயிற்சியும் வாரம் ஒரு முறை நர்ஸின் போனும். ஓராண்டு கழித்து வேலைக்குத் திரும்பியவர்கள் மருத்துவமனைப் பிரிவில் 90 சதவீதம், வீட்டுப் பிரிவில் 94 சதவீதம். வீட்டிலிருந்தவர்கள் ஒன்றும் பின்தங்கவில்லையே.

மேகலா_நியூரோ: ரவி சார், அவர்கள் படைவீரர்கள், வேலை காத்திருந்தது. அதே ஆய்வில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நினைவில்லாமல் கிடந்தவர்களை மட்டும் பாருங்கள்: பணிக்குத் தகுதி பெற்றவர்கள் மருத்துவமனைப் பிரிவில் 80, வீட்டுப் பிரிவில் 58 சதவீதம். பிறகு பிரித்துப் பார்த்த கணக்குதான், ஆனால் காயம் கடுமையானால் குழு உதவலாம் என்று காட்டுகிறது. சிசரோன் என்ற ஆய்வாளரும் சகாக்களும் செய்த 2008 ஆய்வில் 68 பேர்; ஒரு பிரிவுக்குக் குழு அமர்வுகளோடு தீவிரத் திட்டம், மறு பிரிவுக்கு வழக்கமான மறுவாழ்வுப் பயிற்சி; இரண்டும் வாரம் 15 மணி நேரம், 16 வாரம். நினைவாற்றல் சோதனைகளில் இரு பிரிவும் ஒரே மாதிரி. சமூகத்தோடு ஒட்டி வாழ்வதில் தீவிரத் திட்டப் பிரிவு முந்தியது.

செந்தில்_ஸ்பீச்: இரண்டு பேரும் 'குழு' என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் அடைக்கிறீர்கள். யாரைச் சேர்க்கிறோம் என்பதில்தான் பாதிக் குழு கெடுகிறது. குழப்பம் தெளியாதவரைச் சேர்க்கவே கூடாது. அடிபட்ட பிறகு வரும் குழப்பம் தெளிந்ததா என்று தினமும் கேள்வி கேட்டுப் பார்க்கும் வெஸ்ட்மீட் அளவுகோலில் தொடர்ந்து 3 நாள் 12-க்கு 12 வாங்கட்டும். பேச்சிழப்பு அதிகமுள்ளவரை வேகமாகப் பேசும் ஆறு பேர் நடுவில் விட்டால் இரண்டாம் வாரம் வரமாட்டார். ஆறு பேருக்கு மேல் போனால் இரண்டு தெரபிஸ்ட் வேண்டும். 45 நிமிடம் கடந்தால் களைப்பு. அப்போது வரும் கோபத்தை 'ஒத்துழைக்கவில்லை' என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிடுகிறார்கள்.

குழுப் பயிற்சிக்கு ஓர் உதாரணம், எட்டுப் பேருக்கு டீ போடுவது. முதலில் ஒருவர் படிகளை எழுதுவார். பால் பொங்கும் நேரத்தில் தெரபிஸ்ட் 'நிறுத்து' என்பார். எந்தப் படியில் இருக்கிறோம் என்று தாளைப் பார்த்துச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் சர்க்கரை இரண்டு முறை விழுந்திருக்கும், டம்ளரை எண்ணியிருக்கமாட்டார்கள். இங்கே தெரபிஸ்ட் வாயை மூட வேண்டும். தப்பைப் பக்கத்தில் இருப்பவர் சொல்லட்டும்.

ரவி_ஓடி: நல்ல பயிற்சி. ஆனால் அந்தத் தாள் வீட்டுச் சமையலறைச் சுவரில் ஒட்டப்படாவிட்டால் வீண். அங்கே அடுப்பு வேறு, சத்தம் வேறு. வீட்டுக்கு ஒருவர் போய்ப் பார்க்காத திட்டத்தை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

மேகலா_நியூரோ: வீட்டுக்குப் போவது அவசியம்தான். ஆனால் குறையை ஏற்காதவர் சுவரில் ஒட்டிய தாளை மறுநாளே கிழித்துவிடுவார். அதனால்தான் குழு முதலில், வீடு அடுத்து என்கிறேன். குடும்பத்தினரையும் முதல் வாரத்திலிருந்தே கூப்பிடுங்கள். கடைசி நாள் கூட்டிவைத்து அறிவுரை சொல்வதால் எதுவும் நடக்காது.