ஸ்டேஷன் பைக் ஏலம், நகராட்சி பழைய சாமான் ஏலம்: எதை ஓட்டலாம், எதை உடைக்கத்தான் முடியும்?

தங்கச்சிமடத்தான்

ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் ரெண்டு ஏல அறிவிப்பு வந்திருக்கு. ஒண்ணு போலீஸ்: ஸ்டேஷன்களில் கிடக்கிற உரிமை கோரப்படாத இருசக்கர வாகனங்கள், நாற்பதுக்கு மேல. இன்னொண்ணு நகராட்சி: டிப்பர் ஒண்ணு, பேட்டரி குப்பை வண்டிகள், கழற்றிப்போட்ட சோடியம் விளக்கு, துருப்பிடிச்ச ஜிஐ பைப், தள்ளுவண்டி. ரெண்டுக்கும் டேவணி (ஏலத்துக்கு முன்னாடி கட்டுற முன்பணம்) தனித்தனி.

பைக்கை எடுத்து என் பேருக்கு மாத்தி ஓட்ட முடியுமா, இல்லை காயலான் கடைக்குத்தானா? ஏலத்துக்கு அப்புறம் பழைய ஓனர் வந்து நின்னா என்ன ஆகும்? டிப்பரை வாங்கி லோடு அடிக்கலாமா? பார்வையிடும் நாளில் எதைப் பார்க்கணும்? விவரம் தெரிஞ்ச அண்ணன்மார் சொல்லுங்க.

டிஎன்65

தம்பி, வண்டியைப் பார்க்கிறதுக்கு முன்னாடி அறிவிப்பைப் படிங்க. எந்தச் சட்டப்படி விக்கிறாங்கங்கிறது அதில் ஒரு வரியில் இருக்கும். எல்லாமே அந்த வரியில்தான்.

உரிமை கோரப்படாத வண்டின்னா, பழைய சிஆர்பிசி (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 457, 458. 2024 ஜூலை 1-லிருந்து அதுக்குப் பதிலா வந்த பிஎன்எஸ்எஸ் 503, 504. நடைமுறை இதுதான்: போலீஸ் கைப்பற்றி நடுவருக்கு (மாஜிஸ்திரேட்) அறிக்கை கொடுக்கும். சொந்தக்காரர் யார்னு தெரியலைன்னா நடுவர் ஒரு பிரகடனம் வெளியிடுவார். அந்தத் தேதியிலிருந்து ஆறு மாசத்துக்குள் வந்து உரிமையை நிரூபிக்கணும். யாரும் வரலை, வண்டி யார் கையில் பிடிபட்டுதோ அவரும் நியாயமா வாங்கினதுன்னு காட்டலைன்னா, அது மாநில அரசின் வசம் போகும், விக்கலாம். ஆறு மாசம் ஓடுறது வண்டி ஸ்டேஷனுக்கு வந்த நாளிலிருந்து இல்லை, பிரகடனத் தேதியிலிருந்து. மூணு வருஷமா வேப்பமரத்தடியில் நிக்கிற வண்டிக்கும் பிரகடனமே போடாம இருந்திருக்கலாம். அதனால பிரகடன நகலும் நடுவர் உத்தரவு நகலும் இருக்கான்னு ஏலத்துக்கு முன்னாடியே கேளுங்க. ரெண்டும் ஒழுங்கா இருந்தா பழைய ஓனர் வந்து நிக்கிறது உங்களுக்குச் சின்னத் தலைவலிதான். இல்லைன்னா பெரிய தலைவலி.

மதுவிலக்கு வழக்கில் பறிமுதலான வண்டி வேற கணக்கு. அதில் ஓனர் தெரிஞ்சவர்தான். அரசுடைமை ஆக்கின உத்தரவு தனியா இருக்கும். ரெண்டையும் ஒரே மைதானத்தில் ஒரே நாளில் நிறுத்தி ஏலம் விடுவாங்க, குழப்பிக்காதீங்க.

பேர் மாத்தணும்னா படிவம் 32. பொது ஏலத்தில் எடுத்த வண்டிக்குன்னே உள்ள படிவம். சாதாரண விற்பனைக்கான 29, 30 எழுதிட்டுப் போனா திருப்பி அனுப்புவாங்க. வண்டியை எடுத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் ஆர்டிஓ ஆபீஸில் கொடுக்கணும். கூட வேண்டியது: ஏலம் நடத்தின அதிகாரி கையெழுத்துப் போட்ட விற்பனை உறுதிச் சான்று, ஏலத்துக்கு அனுமதி கொடுத்த அரசு உத்தரவின் சான்றிட்ட நகல், இன்சூரன்ஸ், கட்டணம், ஆர்சி இருந்தா அது. ஆர்சி பெரும்பாலும் இருக்காது. நம்பர் பிளேட்டே இல்லை, இல்லைன்னா போலி நம்பர்னா, மத்திய மோட்டார் வாகன விதி 57-ல் வழி இருக்கு: புது நம்பரை முதலில் ஏலம் விட்ட துறை பேரில் போட்டு, பிறகு உங்க பேருக்கு மாத்துவாங்க.

மாட்டிக்கிற இடம் எதுன்னா, விற்பனைச் சான்றில் "ஹீரோ ஹோண்டா, கறுப்பு, 1" அப்படின்னு மட்டும் எழுதிக் கொடுத்துடுறாங்க. சேஸிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் ஒரு எழுத்துப் பிசகாம அந்தத் தாளில் இருக்கணும். வாங்கின அன்னிக்கே அங்கேயே நின்னு சரி பார்த்து, தப்புன்னா அங்கேயே திருத்தி முத்திரை வாங்குங்க. அதிகாரி மாறிப் போயிட்டா அந்தத் திருத்தத்துக்கு ஆள் பிடிக்க முடியாது.

இன்னொண்ணு, வாகன் (அரசின் வண்டிப் பதிவு இணையதளம்) தளத்தில் பேங்க் கடன் பதிவும் திருட்டு வழக்குக் குறிப்பும் நிக்கலாம். எந்த ஸ்டேஷன் குறிப்புப் போட்டுதோ அந்த ஸ்டேஷன் கடிதம் இல்லாம திருட்டுக் குறிப்பு நீங்காது. வண்டி தேவகோட்டையில் திருடு போய் தொண்டியில் கிடைச்சதுன்னா கடிதம் தேவகோட்டையிலிருந்து வரணும்.

பாம்பன் பட்டறை

மேல அண்ணன் பேப்பரைச் சொல்லிட்டார். நான் இரும்பைச் சொல்றேன்.

கடலோர ஸ்டேஷனில் திறந்த வெளியில் நின்ன வண்டியை மதுரை வண்டி மாதிரிப் பார்க்காதீங்க. 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலத்துக்கே பெயின்ட் அடிச்சுக்கிட்டேதான் இருந்தாங்க. ஸ்டேஷன் வாசல் பைக்குக்கு யார் அடிக்கிறது?

கையில் கொண்டு போக வேண்டியது: கம்பி பிரஷ், டீசல் நனைச்ச துணி, சாக்பீஸ், வெள்ளைத்தாள், பென்சில், ஸ்க்ரூ டிரைவர், செல்போன் லைட். சேஸிஸ் நம்பர் பெரும்பாலான பைக்கில் ஹேண்டில் கழுத்துக் குழாயின் பக்கவாட்டில் இருக்கும். பிரஷ்ஷை அமுக்கித் தேய்க்காதீங்க, அரிச்ச எழுத்து பிரஷ்ஷோட வந்துடும். டீசல் துணியால் ஊற வெச்சு, துடைச்சு, சாக்பீஸைப் பட்டையாத் தேய்ங்க. பள்ளத்தில் வெள்ளை நிக்கும், எழுத்து தெரியும். அதுமேல தாளை வெச்சுப் பென்சிலை ஓட்டி அச்சு எடுத்துக்குங்க. அச்சில் ஒரு எழுத்து விழலைன்னாலும் அந்த வண்டியை இரும்பு விலைக்கு மேல கேட்காதீங்க. வண்டி ஆய்வாளர் பார்க்கப்போறதும் அதே இடத்தைத்தான்.

அடுத்து பிரேம். பேட்டரிப் பெட்டிக்குக் கீழே, சைடு ஸ்டாண்டு வெல்டிங் பக்கம், ஸ்விங் ஆர்ம் அடிவயிறு, இந்த மூணு இடத்திலும் ஸ்க்ரூ டிரைவரால் குத்துங்க. டிங்குன்னு சத்தம் வந்தா சரி. மொத்துன்னு இறங்கினா உள்ளே மாவு. ஃபோர்க் குழாயில் பொட்டுப் பொட்டா துரு இருந்தா எத்தனை ஆயில் சீல் மாத்தினாலும் கசியும்.

கிக்கர் இறங்கலைன்னா இன்ஜின் போச்சுன்னு அர்த்தமில்லை. ரிங் சிலிண்டரோட ஒட்டியிருக்கும். பிளக்கைக் கழற்றி 30 மில்லி டீசல் விட்டு ரெண்டு நாள் ஊற வெச்சு, டாப் கியரில் பின் சக்கரத்தை முன்னும் பின்னும் அசைச்சா பல வண்டி விடும். உதைச்சு உடைக்காதீங்க. டேங்கில் பழைய பெட்ரோல் பசையாகி ஜெட்டை அடைச்சிருக்கும். கார்புரேட்டர் சுத்தம், டேங்க் உள்துரு, ரெண்டு டயர், செயின் செட், பேட்டரி, பச்சைக் களிம்பு ஏறின வயரிங் இத்தனையும் சேர்த்துப் பார்த்துட்டு விலை கேளுங்க. ஃபியூயல் இன்ஜெக்ஷன் வண்டின்னா ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்துற மின்னணுப் பெட்டி) இருக்கான்னு சீட்டுக்கடியில் பாருங்க. முதலில் காணாமப் போறது அதுதான்.

இரும்புக்குன்னா: நூறு சிசி பைக் முழுசா 110 கிலோ பக்கம், டிவிஎஸ் எக்ஸ்எல் 90-க்குள். டயர், சீட், பிளாஸ்டிக் கழிச்சுப் போடுங்க. நாற்பது வண்டியை ஒரே லாட்டா விட்டா, அலுமினிய இன்ஜின் எத்தனை வண்டியில் இருக்குன்னு எண்ணுங்க. பாதியில் பிரேம் மட்டும்தான் நிக்கும்.

கீழக்கரை சரக்கு

நகராட்சி ஏலம் பத்தி. அங்கே சாமான் வெளியே வர்ற வழி: இருப்புப் பதிவேட்டில் உள்ளதைப் பொறியாளர் பார்த்து உபயோகமற்றதுன்னு சான்று, குறைந்தபட்ச விலை நிர்ணயம், நகர்மன்றத் தீர்மானம், அறிவிப்பு, ஏலம். தீர்மானம் இல்லாம விட்ட ஏலத்தைப் பின்னாடி ரத்து பண்ணுவாங்க. டேவணி திரும்பி வர மாசக்கணக்கு ஆகும்.

டிப்பரை மறந்துடுங்க தம்பி, அது 15 வருஷம் தாண்டியிருந்தா. 2023 ஏப்ரல் 1 முதல் மத்திய, மாநில அரசு, நகராட்சி, பஞ்சாயத்து வண்டிகளுக்கு 15 வருஷத்தோட பதிவு முடிஞ்சுபோகும், புதுப்பிக்க முடியாது. பதிவு பெற்ற வாகன உடைப்பு மையத்துக்குத்தான் போகணும். லோடு அடிக்க வாங்கினா வீட்டு வாசலில் நிக்கும், அவ்வளவுதான். முதல் பதிவுத் தேதியைக் கேளுங்க.

பேட்டரி குப்பை வண்டியில் ஆசை வேண்டாம். அதில் உள்ள ஈய பேட்டரி 2022 பேட்டரி கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளருக்குத்தான் போகணும். சோடியம் விளக்கும் அப்படியே, பல்புக்குள்ளே பாதரசம். சோக்கில் செம்பு இருக்கேன்னு மொத்த லாட்டையும் எடுக்கிறவங்க பல்பை உடைச்சுக் குவிச்சு மாட்டிக்கிறாங்க. அறிவிப்பில் "பேட்டரி நீங்கலாக"ன்னு இருக்கான்னு பாருங்க, இருந்தா நிம்மதி.

வரி: கேட்ட தொகை வேற, கட்டுற தொகை வேற. இரும்புக் கழிவுக்கு ஜிஎஸ்டி 18%. ஒரு லட்சத்துக்குக் கேட்டா 18,000 மேல வரும். உங்களுக்கு ஜிஎஸ்டி பதிவு இருந்தா, 2017 அக்டோபர் அறிவிக்கைப்படி உள்ளாட்சி விக்கிற கழிவுக்கு வரியை நீங்களே அரசுக்குக் கட்டி, பிறகு உள்ளீட்டு வரியா (நீங்க கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழிச்சு) எடுத்துக்கலாம். பதிவு இல்லைன்னா நகராட்சி உங்ககிட்ட வாங்கிக்கும், திரும்ப வராது. டிசிஎஸ்ஸும் (விக்கிறவர் வாங்கிக் கட்டுற வருமான வரி) சேரும். சிலர் ஏலத்தில் ஜெயிச்சுட்டு இதைக் கேட்டதும் டேவணியை விட்டுட்டு ஓடுறாங்க.

ஜிஐ பைப்பை "உள்ளது உள்ளபடி" குவியலா விடுறாங்களா, எடை போட்டு விடுறாங்களான்னு தெரிஞ்சுக்குங்க. எடைன்னா, காலி லாரி எடையும் லோடு எடையும் ஒரே எடைமேடையில், ஒரே நாளில், டீசல் நிரப்பாம. மழைக்கு அப்புறம் எடை போட்டா பைப்புக்குள்ளே நிக்கிற சேற்றுக்கும் சேர்த்துக் காசு கொடுப்பீங்க.

தங்கச்சிமடத்தான்

நன்றி அண்ணே, பாய். டிப்பர் ஆசை போச்சு. இன்னொண்ணு: கரை ஒதுங்குற ஃபைபர் படகு, பிடிபட்ட படகு இதெல்லாம் இதே மாதிரி ஏலத்துக்கு வருமா?

மூக்கையூர் அலை

வரும், ஆனா நகராட்சிக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. கடத்தலில் பிடிபட்டா சுங்கத் துறை. சுங்கச் சட்டம் 1962 பிரிவு 126-படி பறிமுதலானது மத்திய அரசுக்குப் போயிடும். எல்லை தாண்டி மீன் பிடிச்ச வெளிநாட்டுப் படகுக்கு 1981 சட்டம், நீதிமன்றம் வழியா. கடல் அட்டையோட பிடிபட்டா வனத் துறை. வன உயிரினச் சட்டம் பிரிவு 39-படி அட்டையும் படகும் அரசுச் சொத்து. அட்டை ஏலத்துக்கே வராது.

கரையில் ஒதுங்கினதைக் கண்டெடுத்தவனுக்குச் சொந்தம்னு நினைச்சு இன்ஜினைக் கழற்றாதீங்க. கடலோரக் காவல் குழுமத்துக்குச் சொல்லிடணும். தெரிஞ்சே வெச்சுக்கிட்டா பிஎன்எஸ் (பழைய ஐபிசிக்குப் பதிலா வந்த சட்டம்) 314, சொத்து கையாடல் குற்றம்.

ஏலத்தில் ஃபைபர் படகு எடுத்தா, உடைச்சு விக்க அதில் எதுவும் இல்லை, ஃபைபரை யாரும் எடைக்கு வாங்க மாட்டாங்க. மதிப்பு இன்ஜினில் மட்டும். வெளிக்கட்டு (அவுட்போர்டு) இன்ஜினின் வரிசை எண் தகடு சுரண்டியிருந்தா விட்டுடுங்க. உப்புத்தண்ணி ஓடின இன்ஜினை நல்ல தண்ணி விட்டுக் கழுவாம நிறுத்தினா கூலிங் வழியெல்லாம் உப்புக் கட்டி அடைஞ்சிருக்கும், தலையைத் திறக்காம தெரியாது. தொழிலுக்குப் போகணும்னா மீன்வளத் துறைப் பதிவு வேணும். ஏலத்துக்கு முன்னாடியே அங்கே போய் இந்த மாதிரி படகைப் பதிவு பண்ணுவாங்களான்னு கேட்டுட்டு வாங்க. மரப் படகுன்னா இன்னும் மோசம்: 2022 பிப்ரவரியில் ஏலம்னு இலங்கையில் நம்ம படகு 105-ஐ அறிவிச்சாங்களே, வருஷக்கணக்கா நின்னதில் பலதும் விறகுக்குத்தான் தேறும்னு இங்கே எல்லாருக்கும் தெரியும்.

டிஎன்65

ஒண்ணு விட்டுட்டேன். உங்க சொந்த வண்டியோ சொந்தக்காரங்க வண்டியோ அந்தக் குவியலில் கிடந்தா ஏலத்தில் போட்டி போடாதீங்க. ஆர்சி, இன்சூரன்ஸ், ஆதார், காணாமப்போன புகார் ரசீது எடுத்துக்கிட்டு நடுவர் மன்றத்தில் மனு போடுங்க. ஏலத் தேதிக்கு முந்தின வேலை நாள் வரைக்கும்கூட மனுவைக் கொடுத்து, ஒப்புகை நகலை ஸ்டேஷனில் காட்டினா, அந்த ஒரு வண்டியை மட்டும் லாட்டிலிருந்து தள்ளி நிறுத்தச் சொல்லிக் கேட்கலாம்.