நாளன்னைக்கு என்பதற்கு ஆங்கிலத்தில் ஒரே சொல்

கேள்வி:
மின்னஞ்சலில் 'தி டே ஆஃப்டர் டுமாரோ' என்று தட்டும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். நமக்கு 'நாளன்னைக்கு' என்று ஒரே சொல் இருக்கிறதே! அப்புறம்தான் தெரிந்தது, ஆங்கிலத்திலும் 'ஓவர்மாரோ' இருந்திருக்கிறது. 1535-இல் வந்த கவர்டேல் பைபிளில் வருகிறது. ஜெர்மன்காரர்கள் இன்றும் 'யூபர்மார்கன்' என்கிறார்கள். இவ்வளவு வசதியான சொல்லை இவர்கள் ஏன் தொலைத்தார்களோ! இப்படி உங்களுக்குப் பிடித்த பழைய சொல் எது?

பதில் 1:
'செனைட்'. ஏழு இரவுகள், அதாவது ஒரு வாரம். இதன் அண்ணன்தான் 'ஃபோர்ட்நைட்', பதினான்கு இரவுகள். அண்ணன் பிழைத்துக்கொண்டான், தம்பி போய்விட்டான். அண்ணனும் இங்கிலாந்தில் செல்லப்பிள்ளை, அமெரிக்காவில் அவ்வளவாக இல்லை. அமெரிக்க நண்பர் ஒருவரிடம் சொன்னேன், வீடியோ கேம் என்று நினைத்துவிட்டார்.

பதில் 2:
'காஞ்ஜி ஹவுஸ்'. வெள்ளைக்காரப் பட்டாளத்தில் தப்பு செய்த சிப்பாயை அடைத்துவைக்கும் அறை. உள்ளே போட்ட சாப்பாட்டால் வந்த பெயர்; ஆமாம், நம் கஞ்சியேதான். இந்தியாவில் வெள்ளைக்காரர்கள் புழங்கிய சொற்களுக்காக 1886-இல் வெளியான 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியில் இருக்கிறது. அதைத் தொகுத்த இருவரில் ஒருவரான பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். ஒரு சொல் பார்க்கத் திறந்தால் ராத்திரி ஒரு மணி ஆகிவிடும், எச்சரிக்கிறேன்.

கேள்வி கேட்டவர்:
காஞ்ஜி ஹவுஸ் பிரமாதம்! எங்கள் அலுவலக மீட்டிங் அறைக்கு அந்தப் பெயரையே வைத்துவிட்டேன். மேனேஜருக்கு இன்னும் அர்த்தம் தெரியாது.