சுருதி எழுதாத ஏடுகள்: பழைய ஐரோப்பிய இசை ஆராய்ச்சியில் உங்கள் அனுபவங்கள்

ஏட்டுப்பூச்சி

சூரிச்சிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம் போனால் சங்க்ட் காலன். அங்குள்ள மடத்து நூலகத்துக்குள் போகும்போது, மரத்தரை கீறாமல் இருக்க ஷூவுக்கு மேலேயே மாட்டிக்கொள்ளப் பெரிய கம்பளிச் செருப்பு தருவார்கள். எல்லோரும் சறுக்கிக்கொண்டேதான் நடக்கிறார்கள். என் பிள்ளைகளுக்கு அந்தச் சறுக்கலும் அங்கே கிடக்கும் எகிப்திய மம்மியும்தான் இன்றுவரை ஞாபகம். நான் போனது 359ஆம் எண் சுவடிக்காக. அன்று அசல் வெளியே வைக்கப்படவில்லை. பரவாயில்லை, முழுச் சுவடியும் இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது. வீட்டுக்கு வந்து பெரிய திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன்.

920களில் எழுதியது. கோயிலில் தனியாகப் பாடுகிறவர் கையில் வைத்துக்கொள்ளும் ஒடுங்கலான புத்தகம். லத்தீன் வரிகளுக்கு மேலே பொடிப்பொடியாகக் கோடுகள், கொக்கிகள், சுழிப்புகள். நியூம் என்கிறார்கள். கோட்டுச் சட்டமே கிடையாது. குரல் ஏறுகிறதா இறங்குகிறதா என்று அந்தக் குறி சொல்லும். எவ்வளவு ஏறுகிறது, எந்தச் சுரத்தில் தொடங்குகிறது என்று சொல்லாது. அடேயப்பா, இவ்வளவு நுணுக்கமாக எழுதத் தெரிந்தவனுக்கு சுருதியை எழுதத் தோன்றவில்லையே என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, அவனுக்கு அது தேவைப்படவில்லை. பாட்டு ஏற்கெனவே அவன் மனதில் இருந்தது.

இந்த மாதிரிப் பழைய ஐரோப்பிய இசையையோ, அதை ஆராய்கிறவர்களையோ நேரில் எதிர்கொண்ட அனுபவம் உங்களுக்கு உண்டா? படித்ததை விட, பார்த்தது, கேட்டது, பாடியது இருந்தால் எழுதுங்கள்.

மிருதங்கப்பையன்

ஒரே ஒரு சந்தேகம். சுருதியே எழுதவில்லை என்றால் இன்றைக்கு யூட்யூபில் அதைப் பாடுகிறார்களே, எப்படி? சும்மா அடித்துவிடுகிறார்களா?

நூலகத்து அக்கா

இல்லை தம்பி. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

இசை வரலாற்றில் முதுகலை படித்தபோது எங்கள் நூலகத்தின் கீழ்த்தளத்தில் 'பாலியோகிராஃபி மியூசிக்கால்' தொகுதிகள் வரிசையாக இருக்கும். பிரான்ஸில் சோலேம் என்ற ஊரின் துறவிகள் 1889இல் தொடங்கிய வரிசை அது. பழைய இசைச் சுவடிகளைப் புகைப்படம் எடுத்து அப்படியே அச்சிட்டார்கள். இரண்டாவது, மூன்றாவது தொகுதிகளை எடுத்து வைத்துப் புரட்டினால் முதலில் சலிப்பு வரும். பக்கத்துக்குப் பக்கம் ஒரே பாட்டுதான், 'யுஸ்துஸ் உத் பால்மா'. 200க்கும் மேற்பட்ட சுவடிகளிலிருந்து அதே ஒரு பாட்டு! ஒன்று ஜெர்மனி, ஒன்று இத்தாலி, ஒன்று பிரான்ஸ், எழுத்து வேறு, குறி வேறு, நூற்றாண்டு வேறு. பத்துப் பதினைந்து பக்கம் தாண்டிய பிறகு கண் பழகிவிடும். இந்த இடத்தில் எல்லோரும் ஏறுகிறார்கள், இந்த அசையில் எல்லோரும் நிறைய சுற்றுகிறார்கள் என்று தெரியத் தொடங்கும். இடைவெளி எழுதாத பழைய சுவடியை, 11ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு கோடு போட்டு எழுதிய சுவடிக்குப் பக்கத்தில் வைத்தால், அசைக்கு அசை வளைவு ஒத்துப்போகிறது. சுருதி அங்கிருந்துதான் கிடைக்கிறது. அந்தக் கோட்டு முறைக்குப் பெயர் போனவர் அரெஸ்ஸோ ஊர் கீதோ. ஒரு சுரத்துக்குச் சிவப்புக் கோடு, இன்னொன்றுக்கு மஞ்சள் கோடு. பத்து வருஷம் படித்தும் தேறாத பாட்டை என் முறையில் ஒன்றிரண்டு வருஷத்தில் கற்கலாம் என்று அவரே ஒரு கடிதத்தில் பெருமையடித்துக்கொள்கிறார். போப் 19ஆம் யோவான் அவரை ரோமுக்கு அழைத்துச் செய்துகாட்டச் சொன்னார்.

பிரான்ஸில் மோன்பெலியே என்ற ஊரிலுள்ள சுவடி இன்னும் சுவாரசியம். ஒரே வரிக்கு மேலே நியூமும் இருக்கிறது, அதோடு ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு லத்தீன் எழுத்தும் இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டுத் தொடக்கம். 1847இல் தான்ஷு என்பவர் கண்டெடுத்தார். எங்கே தெரியுமா? மருத்துவக் கல்லூரி நூலகத்தில். இன்றும் அங்கேதான் இருக்கிறது.

இவ்வளவு உழைப்பு எதற்கு என்றால், அதன் பின்னால் ஒரு வியாபாரச் சண்டையும் உண்டு. ரெகன்ஸ்பூர்கில் பூஸ்டெட் என்ற பதிப்பாளருக்கு, தேவாலயப் பாட்டுப் புத்தகம் அச்சிட 30 வருஷ உரிமையை ரோம் கொடுத்திருந்தது. அவர் அச்சிட்டது 1614ஆம் வருஷப் பதிப்பை ஒட்டியது. பழைய சுழிப்புகளை எல்லாம் வெட்டிக் குறைத்த பாடம் அது. சோலேம்காரர்கள் வாதாடிக்கொண்டிருக்காமல் 200 சுவடிகளின் படத்தை முன்னால் தூக்கிப் போட்டார்கள். பத்தாம் பயஸ் போப்பான பிறகு காற்று அவர்கள் பக்கம் திரும்பியது. 1908இல் வத்திக்கான் பதிப்பு வந்தது. ஒரே பாட்டை 200 தடவை அச்சிட்டதைப் போல வலுவான வாதத்தை நான் வேறு எந்த ஆய்விலும் பார்த்ததில்லை.

ஆனால் தாளம்? அதில் இன்னும் அடிதடிதான்.

ஆல்ட்டோ

அக்கா விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். எனக்குச் சுவடி படிப்பெல்லாம் இல்லை, குழுவில் பாடுகிறவள். ஒரு கோடை முகாமில் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் 'கிராதுவாலே டிரிப்ளெக்ஸ்' என்ற புத்தகத்தைக் கொடுத்தார். 1979இல் வந்தது. நடுவில் அச்சிட்ட சதுரச் சுரம். மேலே கறுப்பில் லான் ஊர்ச் சுவடியின் நியூம், கீழே சிவப்பில் சங்க்ட் காலன் பக்கத்து நியூம். மூன்றையும் ஒரே நேரத்தில் பார்த்துப் பாட வேண்டும். முதல் நாள் தலை சுற்றியது.

நான் அதுவரை பழகியது எல்லாச் சுரத்துக்கும் ஒரே நீளம் கொடுக்கும் பாணி. வழவழவென்று போகும், கேட்கவும் நன்றாகத்தான் இருக்கும். இவர் அதை விடவே மாட்டார். சிவப்புக் குறிக்குப் பக்கத்தில் பொடியாக ஒரு 'சி' இருந்தால் விரைந்து போ. 'டி' இருந்தால் பிடித்து நில். குறியின் தலையில் சின்னக் கோடு இருந்தால் அதற்கு எடை கொடு. ஒரே சுழிப்பில் மூன்று சுரம் விரைவாக, நான்காவது இழுத்து. ஒருநாள் முழுக்க ஒரே ஒரு அல்லேலூயா, அதிலும் கடைசி 'யா'வை மட்டும்.

இந்த வாசிப்புக்குப் பெரிய காரணகர்த்தா யூஜேன் கார்தீன், அவரும் சோலேம் துறவிதான். தன் மடத்தின் முந்தைய தாளக் கொள்கையை அவருடைய வேலையே ஆட்டம் காண வைத்தது. எனக்கு அது பிடித்திருக்கிறது. என் பக்கத்தில் பாடிய ஜெர்மன் பாட்டிக்குப் பிடிக்கவில்லை. "ஐம்பது வருஷமாக ஜெபம் செய்கிறேன், இப்போது பரீட்சை எழுதச் சொல்கிறீர்கள்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது.

வடகடல்

கோப்பன்ஹேகனிலிருந்து. தேசிய அருங்காட்சியகத்தில் ஒரு கல் தூண் இருக்கிறது, இடுப்பளவு உயரம்கூட வராது. செய்கிலோஸ் என்பவர் வைத்த கல்லறைக் கல், கி.பி. 1 அல்லது 2ஆம் நூற்றாண்டு. இருக்கும்வரை ஒளிர்ந்திரு, துக்கப்படாதே, வாழ்வு கொஞ்சக் காலம்தான், முடிவைக் காலம் கேட்டு வாங்கிக்கொள்ளும் என்று நாலு வரிப் பாட்டு. அசைகளுக்கு மேலே சுர எழுத்தும், வேண்டிய இடத்தில் நீளக் குறியும் வெட்டியிருக்கிறார்கள். முழுதாகக் கிடைத்திருக்கும் பாட்டுகளில் இதுதான் மிகப் பழையது என்கிறார்கள். கிரேக்கச் சுர எழுத்துகளின் அட்டவணையை அலிப்பியோஸ் என்பவர் எழுதி வைத்ததால் இன்றைக்கு நேராகப் படித்துப் பாட முடிகிறது. சங்க்ட் காலன் துறவிகளைவிட 800 வருஷம் பழையது, ஆனால் படிக்க அதைவிட எளிது!

1883இல் துருக்கியில் அய்தின் பக்கத்தில் ராம்சே என்ற ஆய்வாளர் கண்ணில் பட்டது. ரயில் பாதை போட்ட ஆங்கிலேயர் வீட்டில், அவர் மனைவியின் பூந்தொட்டி நேராக நிற்க வேண்டும் என்று அடிப்பக்கத்தை வெட்டித் தேய்த்துவிட்டார்களாம். கல்வெட்டின் கடைசி வரி அதோடு போயிற்று. நல்லவேளை, பாட்டு மேலே இருந்தது. குனிந்து பார்த்தால் அந்த வெட்டு அப்பட்டமாகத் தெரிகிறது.

மிருதங்கப்பையன்

அப்படியானால் இது நம் பாட்டு முறை மாதிரியே அல்லவா? எழுத்தில் பாதி, குருவின் வாயில் மீதி. அந்தச் சுழிப்பு எல்லாம் கமகம்தானே!

நூலகத்து அக்கா

முதல் பாதி சரி, இரண்டாவதை அவசரப்பட்டுச் சொல்லாதே. குவிலிஸ்மா என்ற நெளிவுக் குறி குரல் நடுக்கமா, வழுக்கலா, வெறும் கடந்து போகும் சுரமா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. நமக்குத் தெரிந்த ஒன்றின் பெயரை ஒட்டிவிட்டால் தேடுவதை நிறுத்திவிடுவோம்.

மனப்பாடம் பற்றிக் கேட்கிறாய் என்றால் நோட்கரைப் படி. சங்க்ட் காலனில் இருந்தவர், திக்குவாயர் என்றே பட்டப்பெயர். சின்ன வயதில் நீண்ட மெட்டுகளை மனதில் நிறுத்த முடியாமல் தவித்ததாக அவரே எழுதுகிறார். நார்மன் கொள்ளைக்குத் தப்பி பிரான்ஸின் ஷுமியெஷ் மடத்திலிருந்து ஒரு பாதிரியார் ஒரு பாட்டுப் புத்தகத்தோடு வருகிறார். அதில் அந்த மெட்டுகளுக்குச் சொல் போட்டிருக்கிறது. அட, இப்படிச் செய்தால் மறக்காதே என்று நோட்கர் தானே எழுதிப் பார்க்கிறார். ஆசிரியர் ஈசோ பார்த்துவிட்டு, மெட்டின் ஒவ்வொரு அசைவுக்கும் ஓர் அசை வரட்டும் என்று திருத்துகிறார். 884 வாக்கில் அது புத்தகமானது.

தாள்பொறுக்கி

ஸ்டாக்ஹோம். தேசிய ஆவணக் காப்பகத்தில் கொஞ்ச காலம் ஒப்பந்த வேலை பார்த்தேன், இசைக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லை. 16ஆம் நூற்றாண்டு வரி வசூல் கணக்குக் கட்டுகளைப் பெட்டி மாற்றும் வேலை. உள்ளே வெண்ணெய், ஆட்டுத்தோல், வெள்ளிக்காசு. வெளியே மேலட்டை மட்டும் தோல் ஏடு, அதில் பெரிய லத்தீன் எழுத்தும் சிவப்புக் கோட்டில் சதுரச் சுரமும். முதலெழுத்து நீலத்தில் பளபளக்கும், அதன் மேலேயே அதிகாரி வருஷத்தையும் ஊர்ப்பெயரையும் கிறுக்கியிருப்பார்.

குஸ்தாவ் வாசா மன்னர் காலத்தில் சமயம் மாறியதும் பழைய பூசைப் புத்தகங்கள் வேண்டாதவை ஆகிவிட்டன. தோல் நல்ல உறுதி, வீணாக்குவானேன் என்று பிரித்துக் கணக்கு நோட்டுக்கு உறை போட்டார்கள். இப்படி 20,000க்கும் மேற்பட்ட துண்டுகளைக் காப்பகம் பட்டியலிட்டு வைத்திருக்கிறது. ஒரே புத்தகத்தின் ஒரு தாள் ஒரு மாவட்டக் கணக்கில், அடுத்த தாள் இன்னொரு மாவட்டக் கணக்கில் இருக்கும். எழுதியவன் கை, கோட்டின் இடைவெளி, வரி எண்ணிக்கை இவற்றை வைத்து ஆய்வாளர்கள் சேர்த்துவிடுகிறார்கள். அங்கே ஒரு மூத்த ஆய்வாளர் துண்டைக் கையில் எடுத்ததும் முணுமுணுப்பாகப் பாடிப் பார்ப்பார். பாட்டு பிடிபட்டால் எந்தத் திருநாளின் தாள் என்று தெரிந்துவிடும். வாசிப்பறையில் பேசக்கூடாது என்பது அவருக்கு மட்டும் பொருந்தாது.

ஏட்டுப்பூச்சி

பாரிஸ் நோத்ர தாம் தேவாலயப் பக்கம் யாரும் போகவில்லையா? அங்கே பல குரல் பாட்டு அமைத்த லெயோனின், பெரோத்தின் என்ற இரண்டு பெயரையும் நாம் சொல்கிறோம் என்றால் அதற்குக் காரணம் பெயர் தெரியாத ஒரு மாணவரின் குறிப்பு. கூஸ்மேக்கர் 1864இல் வெளியிட்ட தொகுப்பில் நாலாவது அநாமதேயர் என்பதால் 'அநாமதேயர் 4'. இவ்வளவு பெரிய புகழ் இரண்டு பேருக்கும் இவர் போட்ட பிச்சை.

ஆல்ட்டோ

அதில் பெரோத்தினின் நாலு குரல் 'விதெருந்த்' பாடியிருக்கிறேன். 1198 கிறிஸ்துமஸோடு சேர்த்துச் சொல்வார்கள். கீழ்க்குரல் ஒரே அசையை நிமிஷக்கணக்கில் பிடித்திருக்க வேண்டும், மேலே மூன்று பேர் குதித்துக்கொண்டிருப்பார்கள். நான் மேலே. நீண்ட சுரம் எது, குறுகியது எது என்று ஒவ்வொரு சுரத்திலும் எழுதவில்லை. சுரங்களை மூன்று, இரண்டு, இரண்டு என்று கூட்டிக் கட்டியிருந்தால் நெடில், குறில், நெடில் என்று போக வேண்டும். ஒன்று, மூன்று, மூன்று என்றால் நடை மாறிவிடும். கட்டைப் பார்த்துத் தாளம் பிடிப்பது பழகிவிட்டால் அந்த நாலு குரல் பாட்டு ஓடும். லெயோனின் பெயரில் வரும் இரண்டு குரல் பாட்டுதான் கஷ்டம். அங்கே இந்த விதியைப் போடுவதா, விட்டுவிடுவதா என்று எங்கள் நடத்துநரும் அமைப்பாளரும் ஒத்திகையிலேயே சண்டை. இரண்டு விதமாகவும் பாடிப் பதிவு செய்தோம். வெளியிட்ட இசைத்தட்டில் தாளம் இல்லாத பதிவுதான் இடம்பெற்றது. எனக்கு மற்றதுதான் பிடிக்கும்.