கறியை விட்டவங்க, பாலையும் விட்டவங்க: நம்ம கொங்குப் பக்கம் எப்படிச் சமாளிக்கறீங்க?

சென்னிமலை நெசவு

எல்லாருக்கும் வணக்கமுங்க. போன புரட்டாசியில கறி நிறுத்தினேன். வருசா வருசம் நிறுத்தறதுதான், ஐப்பசி பொறந்தா முதல் ஞாயித்துக்கிழமையே வீட்டுக்குக் கோழி வந்துரும். அன்னைக்கும் வந்துச்சு. ஆக்கினேன், எல்லாருக்கும் போட்டேன், எனக்கு மட்டும் வாயில வெக்கத் தோணலை. அதுக்கப்பறமும் தோணலை. வேண்டுதல், விரதம்னு ஒண்ணும் இல்லீங்க, மனசு அப்படியே நின்னுக்கிச்சு.

மாமியா, வீட்டுக்காரர், பசங்க எல்லாரும் கறி சாப்படறவங்கதான். ஞாயித்துக்கிழமை ரெண்டு வகையா ஆக்கணுமேன்னு முதல்ல மலைப்பா இருந்துச்சு. இப்ப ஒரே தாளிப்புல முடிச்சுக்கறேன். பள்ளிபாளையம் கோழிக்கு என்னங்க வேணும்? சின்ன வெங்காயம், விதையை உதுத்த வரமிளகா, மஞ்சத்தூள், கறிவேப்பிலை, பல்லுப்பல்லா நறுக்கின தேங்கா. மசாலாப் பொடியே கெடையாது. வெங்காயமும் மிளகாயும் வதங்கினதும் பாதியை வேற வடைச்சட்டிக்கு மாத்தி அதுல காளானைப் போட்டுருவேன். காளான் தண்ணி விடுமுங்க. அடுப்பை நல்லா எரிய விட்டு, தண்ணி சுண்டற வரைக்கும் உப்புப் போடாமக் கெளறணும். ஓரம் செவந்து வர்றப்ப உப்பும் தேங்காயும் போட்டு எறக்கினா, கோழி வட்டல்ல இருக்கும்போதே பசங்க இதுலயும் கை வெக்கறாங்க.

ஆனா காளான் தெனமும் வாங்க முடியறதில்லை. மத்த நாள்ல ரசம், பொரியல்னு சாப்புட்டுத் தறியில உக்காந்தா, கொஞ்ச நேரத்துலயே பசி எடுத்துருது. ரொம்ப வருசமா இதுல நிலைச்சு நிக்கறவங்க உங்க அனுபவத்தைச் சொல்லுங்க.

அந்தியூர் மாப்பிள்ளை

எனக்குச் சமையலை விட ஒறம்பரைதானுங்க பெரிய பாடு. கல்யாணத்துக்கு முன்னாடியே நான் கறி விட்டவன். ஊட்டுக்காரிக்குத் தெரியும், அவங்க அப்பாகிட்டச் சொல்லத்தான் தயக்கம். புது மாப்பிள்ளை விருந்துக்குப் போனோம். நாட்டுக்கோழி அடிச்சுக் கொழம்பு, வறுவல், ரத்தப்பொரியல்னு எலை நெறைய வெச்சுட்டாங்க. நான் வெறும் சோத்தைத் தொட்டுட்டு உக்காந்திருக்கறேன். மாமனாரு மொகம் வாடிப்போச்சு.

"ஏனுங் மாப்ள, கோழி புடிக்கறதில்லீங்களா? வெள்ளாட்டுக் கறி எடுத்தாரச் சொல்லட்டுங்களா?"

"இல்லீங் மாமா, நான் கறியே சாப்படறதில்லீங்."

"ஒடம்புக்கு ஏதாச்சுங்களா?"

அவரு பயந்தே போயிட்டாரு. எங்கத்தைதான் ஒண்ணும் பேசாம உள்ள போயி, காலையில கடைஞ்ச கொள்ளுப்பருப்பைப் போசியோட கொண்டாந்து, சோத்துல குழி பண்ணி ஊத்தி, மேல நல்லெண்ணெய் விட்டாங்க. நான் மூணு தரம் வாங்கிச் சாப்புட்டதைப் பாத்த பொறகுதான் மாமனாரு கை நனைச்சாரு. வந்தவன் பசியோட போயிருவானோங்கற வெசனந்தானுங்க அவங்களுக்கு. நம்மளைக் கட்டாயப்படுத்தணும்னு யாருக்கும் எண்ணம் கெடையாது.

அதுலருந்து எங்க போறதா இருந்தாலும் மொத நாளே போன் பண்ணிருவேன். கறி வேண்டாம்னு ஆரம்பிக்கவே மாட்டேன். "அத்தை, நாளைக்கு உங்க கையால கொள்ளுப்பருப்பு வேணுமுங்க"ன்னு கேட்டுருவேன். வேண்டாம்னு சொன்னா மனசு கோணிக்கறவங்க, இன்னது வேணும்னு கேட்டா அவ்வளவு சந்தோசப்படறாங்க.

கோயில் கெடா வெட்டுன்னா பந்தியில எலை போடறது, தண்ணி ஊத்தறது, சோறு போடறதுன்னு நின்னுக்குவேன். பரிமாறறவனைப் பாத்து நீ ஏன் சாப்படலைன்னு யாரும் கேக்கறதில்லை. எல்லாம் முடிஞ்சு ரசமும் சோறும் சாப்புட்டு வந்துருவேன்.

காங்கயம் காட்டுக்காரர்

நான் கறி சாப்படறவன். எம்பொண்ணுக்காக இதை எழுதறேன்.

கோயமுத்தூர்ல காலேஜ் முடிச்சுட்டு வந்தவ, கறி, முட்டை மட்டுமில்லாமப் பால், தயிர், நெய்யும் வேண்டாம்னுட்டா. எங்க வீடு இருக்கற நெலமைக்கு அது சாதாரண பேச்சு இல்லீங்க. எங்ககிட்ட ஒரு காங்கயம் மாடு பேருக்கு நிக்குது, அது ஒழவுக்கும் வண்டிக்கும் பேர் போன ஜாதி, பால் கம்மி. சொசைட்டிக்கு ஊத்தறதெல்லாம் கலப்பின மாட்டுப் பால். அந்தப் பால் காசுலதான் அவ படிச்சதே.

எங்கம்மாவுக்குப் பொறுக்கலை. "ஏஞ்சாமி, மாட்டையும் கன்னையும் நாம என்ன கொடுமையா பண்ணிப்போட்டோம்?"ன்னு கேட்டுட்டாங்க.

"அப்பத்தா, உங்களை ஒண்ணும் சொல்லலீங். நீங்க கன்னுக்கு விட்டுட்டுக் கறக்கறவங்க, எனக்குத் தெரியாதுங்களா? எனக்கு வேண்டாம்னு இருக்குது, அவ்வளவுதானுங்"ன்னா.

அவ சொன்ன தோரணைதானுங்க எங்க வீட்டுல சண்டை வராததுக்குக் காரணம். காலையில இன்னைக்கும் சாணி அள்றா, தீவனம் வெக்கறா. எங்களை நிறுத்தச் சொல்லி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பத்து நாள் கழிச்சு எங்கம்மா சந்தகை புழிஞ்சாங்க. தேங்காயைத் திருகி, ஆட்டி, மொதப் பால் எடுத்து, வெல்லமும் ஏலக்காயும் போட்டுக் கொண்டாந்து, "இந்தா, பால்தான் ஊத்தியிருக்கறேன், தேங்காப்பால். சாப்புடு"ன்னாங்க. அதுக்கப்பறம் அவங்களே ஒவ்வொண்ணாக் கண்டுபுடிக்க ஆரம்பிச்சுட்டாங்க. சுக்குமல்லிக் காப்பிக்குப் பாலே வேண்டாமே, கருப்பட்டி போதுமே. ராகிக்களிக்குக் கீரைக் கடைசல் போதுமே. ஒப்புட்டுக்கு நெய்க்குப் பதிலா நல்லெண்ணெய் விட்டுச் சுட்டா என்ன? எங்க பாட்டி காலத்துல பண்டமெல்லாம் இப்படித்தான இருந்துச்சுன்னு அவங்களே சொல்றாங்க.

தயிருதான் அவளுக்குச் சிரமமா இருந்துச்சு. சித்திரை வெயில்ல மோர் இல்லாமக் கம்மஞ்சோறு எறங்காது. நெலக்கடலையை ஊற வெச்சு, தோலை உரிச்சு, தண்ணி ஊத்தி ஆட்டித் துணியில வடிகட்டி, அந்தப் பாலைக் காச்சறா. கை பொறுக்கற சூட்டுக்கு வந்ததும் பச்சமிளகாக் காம்பு நாலஞ்சைப் போட்டு மூடி வெச்சா அடுத்த நாளு தயிரா உறைஞ்சுருது. மொதத் தடவை கொஞ்சம் நெகிழ்வா இருக்கும், அந்தத் தயிரையே எடுத்து அடுத்த நாளுக்கு உறை ஊத்தினா கெட்டியா வருது. மோராக் கலக்கிச் சின்ன வெங்காயம் கிள்ளிப் போட்டா எனக்கே புடிச்சிருக்குதுங்க.

பாலை விட்டா எலும்பு என்னத்துக்காகும்னு நான் அவகிட்டக் கேட்டேன். ராகி நூறு கிராம்ல 350 மில்லிகிராமுக்குக் கிட்ட சுண்ணாம்புச் சத்து இருக்குது, அதே அளவு பால்ல 120 தான்னு காட்டினா. ஒரு நாளைக்குப் பெரியவங்களுக்கு 1000 மில்லிகிராம் வேணுமாம், அதனால ராகியோட எள்ளுருண்டையும் முருங்கைக்கீரையும் விடாம எடுத்துக்கறா.

திருப்பூர் லேப்

காங்கயத்து ஐயா, உங்க பொண்ணு வைட்டமின் பி12 எடுத்துக்கறாங்களான்னு தயவுசெஞ்சு கேளுங்க. நான் ரத்தப் பரிசோதனை நிலையத்துல வேலை பாக்கறேன். இதைப் பத்தி எங்க பேச்சு வந்தாலும் சொல்லாம விடமாட்டேன்.

பி12 எந்தச் செடியிலயும் நம்பற அளவுக்குக் கிடையாது. கறி, மீன், முட்டை, பால் இதுலதான் இருக்கு. கறியை மட்டும் விட்டவங்களுக்குப் பால், தயிர்ல கொஞ்சம் கிடைக்கும், அதுவும் பல பேருக்குப் பத்தறதில்லை. பாலையும் விட்டவங்க மாத்திரையாவோ, பி12 சேர்த்த உணவாவோ எடுத்தே ஆகணும். இதுல விட்டுக்கொடுக்க இடமே இல்லை. பெரியவங்களுக்கு ஒரு நாளைக்குத் தேவை 2.2 மைக்ரோகிராம்னு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோட (ஐசிஎம்ஆர்) 2020 பரிந்துரை சொல்லுது. கடுகளவு கூட இல்லை, ஆனா அது இல்லாட்டி நரம்பு கெட்டுப்போகும்.

இதுல ஏமாத்தற விஷயம் என்னன்னா, கல்லீரல்ல இருக்கற சேமிப்பு சில வருசம் தாங்கும். "நான் விட்டு ரெண்டு வருசமாச்சு, ஒண்ணுமே ஆகலையே"ன்னு சொல்றவங்க அந்தச் சேமிப்புலதான் ஓட்டிட்டு இருக்காங்க. இன்னொண்ணு, கீரை, பயறு நிறையச் சாப்படறவங்களுக்கு ஃபோலேட்டுங்கற இன்னொரு பி வைட்டமின் நல்லாக் கிடைக்கும். அதனால ரத்தசோகை வெளியே தெரியாமப் போகலாம், உள்ள நரம்பு பாதிச்சுட்டே இருக்கும். பாதம் மரத்துப் போறது, ஊசி குத்தற மாதிரி இருக்கறது, நாக்கு எரியறது, மறதி, சோர்வு இதெல்லாம் வந்தா உடனே பாருங்க. ரத்தப் பரிசோதனையில பி12 ஒரு மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழ வந்தாப் பொதுவாக் குறைபாடுன்னு எடுத்துக்குவாங்க.

சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுக்கறவங்க இன்னும் கவனமா இருக்கணும், அந்த மாத்திரை பி12 உறிஞ்சறதைக் குறைக்கும். பழைய சோத்துல இருக்கு, ஸ்பைருலினாங்கற சுருள்பாசியில இருக்குன்னு வாட்ஸ்அப்ல வர்றதை நம்பி இருக்காதீங்க. சுருள்பாசியில இருக்கறதுல பெரும்பகுதி நம்ம உடம்பு பயன்படுத்த முடியாத வகை. எவ்வளவு, எத்தனை நாளைக்கு ஒருக்கா எடுக்கணும்கறதை உங்க டாக்டர் சொல்லட்டும்.

காங்கயம் காட்டுக்காரர்

கேட்டனுங்க. எடுத்துக்கறாளாம். டப்பாவைக் கொண்டாந்து காட்டினா. ரொம்ப நன்றிங் தம்பி.

அவிநாசி

நாங்க பரம்பரைச் சைவம். விடறதுக்கு எங்ககிட்ட ஒண்ணும் இல்லை, அதனால இங்க பேசலாமான்னு யோசிச்சேன். ஆனா சென்னிமலை அக்கா பசிக்குதுன்னு சொன்னதைப் படிச்சதும் எங்க அத்தைக்கு நடந்ததைச் சொல்லணும்னு தோணுச்சு.

அத்தைக்குச் சர்க்கரை ஏறிட்டே போச்சு. உணவு ஆலோசகர் ஒருத்தங்க, நேத்து என்ன சாப்பிட்டீங்கன்னு கேட்டாங்க. காலையில இட்லி, மத்தியானம் சோறு, ரசம், உருளைக்கிழங்கு, பொழுதோட காப்பியும் முறுக்கும், ராத்திரி ரவை உப்புமா. அவங்க எல்லாத்தையும் எழுதிக் காமிச்சு, "அம்மா, இதுல பருப்பு எங்கீங்க?"ன்னாங்க. அத்தை "சைவந்தானுங்களே"ன்னாங்க. "சைவம் சரிங்கம்மா, நாள் முழுக்க மாவுப் பண்டமாவே இருக்குதுங்களே"ன்னாங்க அந்தம்மா.

உடல் எடை ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் புரதம்னு கணக்காம். அறுபது கிலோ இருக்கறவங்களுக்கு ஐம்பது கிராம். கொள்ளு, பச்சப்பயறு ரெண்டுலயும் நூறு கிராமுக்கு 22 கிராம் அளவுல இருக்கு, நெலக்கடலையில இன்னும் கொஞ்சம் அதிகம். இதை ஒரே வேளையில திங்க முடியாது, ஒவ்வொரு வேளைக்கும் பிரிச்சு வெக்கணும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது அரிசிம்பருப்புக்கு அவங்க குடுத்த விளக்கம். அரிசியில லைசின்னு ஒரு புரதக்கூறு கம்மி, அது பருப்புல நிறைய இருக்கு. பருப்புல மெத்தியோனின்னு இன்னொரு புரதக்கூறு கம்மி, அதை அரிசி ஈடு கட்டுது. நம்ம பெரியவங்க மழை நாள்ல, வேலை மும்முரத்துல ஒரே போசியில பொங்கி எறக்கின சோறு அது. நாங்க அளவை மட்டும் மாத்தினோம். முந்தி மூணு டம்ளர் அரிசிக்கு ஒரு டம்ளர் துவரம்பருப்பு, இப்ப ரெண்டுக்கு ஒண்ணு. கூட ஒரு பொரியல் கட்டாயம். பால் சேர்க்காதவங்க மேல நெய்க்குப் பதிலாச் செக்குக் கடலெண்ணெய் விட்டுப் பாருங்க, நல்லா இருக்கும்.

சாப்பிட்டதும் டீ குடிக்கற பழக்கத்தையும் ஒரு மணி நேரம் தள்ளி வெச்சுட்டோம். பயறு, கீரையில இருக்கற இரும்புச்சத்தை டீ, காப்பி தடுத்துரும். நெல்லிக்கா, எலுமிச்சை, கொய்யா கூட இருந்தா நல்லாச் சேரும். கீரைக் கடைசல் செஞ்ச அன்னைக்கு எலையில ஒரு நெல்லிக்காத் துண்டு வெச்சுருவேன்.

சிங்காநல்லூர் ஹாஸ்டல்

ஜிம் போறவங்களுக்குச் சொல்றேன். மெஸ்ல சைவம்னு கேட்டாக் காலிஃபிளவரும் பரோட்டாவுந்தான் வரும், அதை நம்பிக்கிட்டு இருந்தா முடியாது. ராத்திரி கருப்புக் கொண்டைக்கடலையை டப்பாவுல ஊற வெப்பேன். காலையில அதை எலக்ட்ரிக் கெட்டில்ல வேக வெச்சு உப்புப் போட்டுச் சாப்பிடுவேன். பைக்குள்ள எப்பவும் வறுத்த நெலக்கடலை இருக்கும். சோயா உருண்டையில நூறு கிராமுக்கு ஐம்பது கிராமுக்கு மேல புரதம், பொடியாக்கி மெஸ் சாம்பார்லயே போட்டுக்குவேன். பவுடர் எதுவும் வாங்கறதில்லை, எடை ஏறியிருக்கு.

சென்னிமலை நெசவு

படிச்சுட்டுச் செஞ்சு பாத்தனுங்க. காலையில இட்லிக்குப் பச்சப்பயறு கடைஞ்சேன், மத்தியானம் கொள்ளுப்பருப்பு. தறியில மத்தியானம் பூரா உக்காந்தும் பசி எட்டிப் பாக்கலை. அவிநாசித் தங்கச்சிக்குக் கோடி புண்ணியம். பி12க்கும் அடுத்த வாரம் ரத்தம் குடுக்கப் போறேன். ஒரு சந்தேகம்: கொள்ளு சூடு, தெனமும் வேண்டாங்கறாங்க எங்க மாமியா. சரிதானுங்களா?

அந்தியூர் மாப்பிள்ளை

எங்கத்தைகிட்டயே கேட்டுச் சொல்றனுங்க. வெயில் காலத்துல வாரத்துக்கு ரெண்டு நாள் கொள்ளு, மத்த நாள் பச்சப்பயறும் தட்டப்பயறும் மாத்தி மாத்திப் போடுவாங்களாம். கொள்ளை லேசா வறுத்து, ராத்திரியே ஊற வெச்சு, மெத்துன்னு வெந்ததுக்கப்பறம் அந்தத் தண்ணியை வடிச்சு எடுத்துக்கணும். பருப்பைச் சின்ன வெங்காயம், சீரகம், பூண்டு, வரமிளகா, கொத்தமல்லி வதக்கிச் சேத்துக் கடையணும். வடிச்ச தண்ணியைக் கீழ ஊத்திராதீங்க, அதுலதான் கொள்ளு ரசம்.