பார்வை இல்லாத மாணவனுக்கு ஒர்க்‌ஷீட் எப்படி தயார் பண்றது?

கேள்வி: அறிவியல் டீச்சர்

வணக்கம். கிராமத்துல ஒரு நடுநிலைப் பள்ளியில ஏழாவதுக்கு அறிவியல் எடுக்கறேன். இந்த வருஷம் சேர்ந்த ஒரு பையனுக்கு சுத்தமா பார்வை இல்ல. பிரெய்ல் நல்லா படிப்பான், ஆனா என்கிட்ட இருக்கற ஒர்க்‌ஷீட் எல்லாம் நான் வருஷக்கணக்கா வேர்டுல டைப் பண்ணி வெச்சது. லேப் கம்ப்யூட்டர்ல என்விடிஏ (திரையில இருக்கறத வாசிச்சுச் சொல்ற ஸ்கிரீன் ரீடர் சாஃப்ட்வேர்) போட்டுத் திறந்தா தமிழே வரல, ஏதேதோ இங்கிலீஷ் எழுத்தா சொல்லுது. ஆனா வாட்ஸ்அப்ல வர்ற தமிழ் மெசேஜ மட்டும் அவன் அம்மாவோட போன் அழகா படிக்குது, அதுதான் புரியல. இப்போ பக்கத்துல உக்கார்ற பையன்தான் எல்லாத்தையும் படிச்சுக் காட்டறான், அவன் வேலையும் கெடுது, இவனுக்கும் கூச்சமா இருக்கு. அடுத்த வாரம் செல் பாடம் வேற, படம் இல்லாம எப்படி நடத்தறது?

பதில் 1: ஸ்கிரீன் ரீடர் பயன்படுத்தறவன்

டீச்சர், நானும் பார்வை இல்லாதவன், என்விடிஏ வெச்சுதான் இத டைப் பண்றேன். நீங்க பாமினி மாதிரி பழைய ஃபாண்ட்ல அடிச்சிருப்பீங்க. அதுல "அம்மா"ன்னு கண்ணுக்குத் தெரியறது உள்ளுக்குள்ள எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச். ஸ்கிரீன் ரீடர் கண்ணால பாக்காது, உள்ள இருக்கறத அப்படியே சொல்லும். வாட்ஸ்அப் மெசேஜ் யூனிகோடு, அதுல ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனி எண் இருக்கு, அதனால ஒழுங்கா வருது. என்எச்எம் கன்வெர்ட்டர்ல பழைய ஃபைல போட்டு யூனிகோடா மாத்திக்கலாம், ஆனா மாத்தினதுக்கப்புறம் ஒரு தடவ படிச்சுப் பாருங்க, நடுவுல இருக்கற இங்கிலீஷ் வார்த்தையும் ஃபார்முலாவும் சிதறிப் போயிருக்கும். என்விடிஏல தமிழ்க் குரலும் தேர்ந்தெடுத்திருக்கணும், கூடவே வர்ற ஈஸ்பீக்ங்கற குரல் சாஃப்ட்வேர்லயே தமிழ் இருக்கு.

தலைப்ப வெறும் போல்டு பண்ணாதீங்க, ஹெடிங் ஸ்டைல் குடுங்க. என்விடிஏவோட பிரௌஸ் மோடுல (டைப் பண்ணாம படிக்க மட்டும் உள்ள நிலை) ஹெச் அமுக்கினா ஒவ்வொரு தலைப்பா தாவலாம், இல்லன்னா ஏழாவது கேள்விக்குப் போக முதல் வரியிலேர்ந்து கேட்டுக்கிட்டே வரணும், நான் காலேஜ்ல அப்படித்தான் படிச்சேன், வெறுத்துப் போயிடும். ஸ்கேன் பண்ண பிடிஎஃப் வெறும் போட்டோதான், கூகுள் டிரைவ்ல போட்டு டாக்ஸ்ல திறந்தா எழுத்தா மாறும், தப்பு மட்டும் திருத்திக்கணும்.

என்விடிஏவுக்குக் காசு கிடையாது. பென் டிரைவ்ல போர்ட்டபிள் காப்பி (இன்ஸ்டால் பண்ணாமலே ஓடறது) போட்டு அவன் கையில குடுத்துடுங்க, ரொம்பப் பழசா இல்லாத விண்டோஸ் கம்ப்யூட்டர்ல அவன் செட்டிங்கோடயே ஓடும்.

பதில் 2: சிறப்பு ஆசிரியர்

செல் படத்துக்குக் கம்ப்யூட்டர விட சார்ட்டும் ஃபெவிகாலும் நல்லது மேடம். செல் சவ்வுக்குக் கெட்டி நூல், உட்கருவுக்குப் பெரிய பட்டன், மைட்டோகாண்ட்ரியாவுக்குப் பயறுன்னு ஒவ்வொண்ணும் தொட்டா வேற வேறயா தெரியணும். எல்லாத்தையும் ஒரே சார்ட்ல திணிக்காதீங்க, விரலுக்குக் குழப்பமாயிடும். முந்தின நாளே அவன்கிட்ட குடுத்துத் தடவிப் பாக்கச் சொல்லுங்க, பாடம் நடக்கும்போது புதுசா தேடிக்கிட்டிருந்தா நீங்க சொல்றது காதுல ஏறாது.

போர்டுல எழுதறத வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே எழுதுங்க. "இது இங்க போகுது"ன்னு சொன்னா அவனுக்கு ஒண்ணுமே இல்ல, "ஆக்சிஜன் செல்லுக்குள்ள போகுது"ன்னு சொன்னா கடைசி பெஞ்சுக்கும் சேர்த்துப் புரியும். பெஞ்சு, பை எதையும் இடம் மாத்தினா அவன்கிட்ட சொல்லிடுங்க.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 17ஆவது பிரிவுப்படி, 40 சதவீதமோ அதுக்கு மேலயோ குறைபாடுன்னு சான்று இருந்தா 18 வயசு வரைக்கும் புத்தகமும் கருவியும் இலவசமா குடுக்கணும். வட்டார வள மையத்துல எழுத்துல கேளுங்க, வாயால கேட்டா தள்ளிப் போகும்.

அறிவியல் டீச்சர்

ரொம்ப நன்றி. பாமினிதான்! மூணு ஒர்க்‌ஷீட் மாத்திட்டேன், இன்னைக்கு ஹெட்போன் போட்டு அவனே படிச்சு அவனே பதில் டைப் பண்ணான், பக்கத்துப் பையன் தன் வேலையப் பாத்தான். இழுத்துப் பொருத்தற க்விஸ் மட்டும் அவனால முடியல, அதுக்கு என்ன பண்ண?

ஸ்கிரீன் ரீடர் பயன்படுத்தறவன்

இழுக்கறதுக்கு மவுஸ் வேணும் டீச்சர், எங்களுக்கு அது ஆகாது. அதே கேள்விய கூகுள் ஃபார்ம்ல தேர்வு செய்யற மாதிரி போடுங்க, டேப்பும் அம்புக்குறியும் போதும். வகுப்புக்கே அத வெச்சுடுங்க, அவனுக்கு மட்டும் தனியா வேண்டாம்.