திருகோணமலையில் பாறைத் தோட்டம்: சதைப்பற்றுச் செடியைக் கொல்லுறது கோடைக் கச்சான் காத்தா, மாரி மழையா?

பவளமல்லி:
உப்புவெளியில, கடற்கரையில இருந்து 300 மீற்றரில காணி. 4 மீற்றர் நீளம், 2 மீற்றர் அகலத்தில பாறைத் தோட்டம் போடுற யோசினை. செம்பர்விவம், லூயிசியா, செடம் எண்ட சதைப்பற்றுச் செடி மூன்றும் தண்ணி கேக்காமல் வருசா வருசம் பூக்கும் எண்டு வாசிச்சன். அடியில சல்லி பரப்பி, மேல கடற்கரை மணல் போட்டால் காணுமோ?

கச்சான்:
முதல் ரெண்டையும் இப்பவே மறந்திடுங்கோ. செம்பர்விவம் ஐரோப்பிய மலைச்செடி, லூயிசியா வட அமெரிக்காவின்ர மேற்கு மலைகளில வளருறது. பனிக்காலத்தில அடங்கிக் கிடந்து எழும்புற சாதிகள். செம்பர்விவம் மாதிரிச் செடி பகலில இலைவாயை (இலையில இருக்கிற நுண்துளையை) மூடி வச்சிருக்கும், ராவில திறந்துதான் காபனீரொட்சைட்டை எடுக்கும். ராக் குளிர்ந்தால்தான் அந்தக் கணக்குச் சரிவரும். இங்க ஆனி, ஆடியில ராத்திரியும் 26 பாகை. எடுக்கிறது குறைய, சுவாசத்தில போறது கூட. தாகத்தில இல்ல, பட்டினியில சாகும். செடத்தில மெக்சிக்கோச் சாதிகளை அரைநிழலில வச்சுப் பாக்கலாம்.
வெயிலுக்கு நிக்கிறது அடீனியம் (பாலைவன ரோசா), யூபோபியா மிலி (முள்முடிக் கள்ளி), பத்துமணிப்பூ, கலஞ்சோ. நம்மட பத்தைக்காட்டுக் கள்ளிமுளையானையும் விடாதேங்கோ. பூ நாறும், ஈ மொய்க்கும், அதால வாசல் பக்கம் மட்டும் வேண்டாம்.

மாரிமழை:
செடித் தெரிவு சரி. ஆனால் எங்கட பக்கம் வெயில்தான் கொல்லுது எண்டு நினைக்கிறது பிழை. எங்களுக்கு வருசத்து மழையில பெரும்பங்கு ஐப்பசிக் கடைசிக்கும் தைக்கும் இடையில கொட்டித் தீர்ந்திடும். அடீனியம் மார்கழியில அடிக்கிழங்கில (பருத்த அடித்தண்டில) அழுகி, மாசியில வெயில் ஏறினாப் பிறகு சரியும். பாக்கிறவைக்கு வெயில் எரிச்ச மாதிரித் தெரியும்.
கிழங்கை விரலால அமத்திப் பாருங்கோ. சுத்திவர ஒரே மாதிரிச் சுருங்கி மெத்தெண்டு இருந்தால் அது தாகம், ரெண்டு தரம் தண்ணி விட நிமிரும். ஒரு பக்கம் மட்டும் குழைஞ்சு, தோல் மண்ணிறமாகி, புளிச்ச மணம் அடிச்சால் அழுகல். கிளப்பி, வெள்ளைச் சதை தெரியுமட்டும் கத்தியால சீவி, கந்தகத்தூளோ கறுவாத்தூளோ தடவி, நிழலில 7 நாள் காயவிட்டுத் திரும்ப நடுங்கோ. ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைக்க வேணும்.
அடியில சல்லி போடுறது வீண்வேலை. நுண்ணிய மண் முழுக்கத் தண்ணி நிறைஞ்சாப் பிறகுதான் கீழ இருக்கிற சல்லிக்குள்ள இறங்கும், அதுவரைக்கும் வேர் நனைஞ்சபடி நிக்கும். பாத்திரம் தேய்க்கிற பஞ்சை நனைச்சுப் படுக்கப் பிடியுங்கோ, ஒழுகி நிண்டிடும். அதையே நிமித்திப் பிடிச்சால் இன்னும் கொட்டும். உயரம்தான் தண்ணியை வடிக்குது. நடுவில 45 சென்ரிமீற்றர் மேடு கட்டுங்கோ.

சிப்பிமணல்:
உப்புவெளி மணலில ஊத்தின தண்ணி கண்ணுக்கு முன்னால காணாமல் போகுது, இதுக்கு மேடு எதுக்கு? குழி தோண்டி நட்டால் முடிஞ்சுது. செலவு மிச்சம்.

மாரிமழை:
காணாமல் போறது சித்திரையில. கார்த்திகைக் கடைசியில 60 சென்ரிமீற்றர் தோண்டி, விடிய வந்து பாருங்கோ. தாழ்ந்த காணியெண்டால் குழிக்குள்ள தண்ணி ஊறி நிக்கும், நிலத்தடி நீர் ஏறியிருக்கும். மற்றது, கடற்கரை மணலின்ர உப்பை மழை கழுவும், சிப்பிச் சுண்ணாம்பைக் கழுவாது. இரும்புச்சத்தைச் செடி எடுக்க ஏலாமல், நரம்பு பச்சையாய் நிக்க இடையில இலை மஞ்சளாகும். அனுமதி இல்லாமல் கரையில மணல் அள்ளுறது சட்டப்படி குற்றம் எண்டதையும் நினைவில வச்சிருங்கோ.
கலவை இது: 2 மில்லிமீற்றர் அரிதட்டில நிக்கிற ஆத்துமணல் 5 பங்கு, 5 முதல் 10 மில்லிமீற்றராய் உடைச்ச ஓட்டுத்துண்டு 3 பங்கு, செம்மண் 1, நல்லா மக்கின இலையெரு 1. உங்கட அளவுக்கு, கல்லுப் போக, முக்கால் கியூப் (75 கன அடி) காணும். கல்குவாரித்தூளை அப்பிடியே கொட்டினால் மாவு அடியில இறங்கிச் சீமெந்து மாதிரி இறுகும். தும்புத்தூளும் வேண்டாம், மாரியில ஈரத்தை விடாது.

கச்சான்:
கலவையில குறை இல்ல. கோடையை மட்டும் கணக்கில எடுக்கேல்ல. கருங்கல்லின்ர தென்மேற்கு முகம் பின்னேரம் கையை வைக்க ஏலாமல் கொதிக்கும். இளம் செடியை அங்க வச்சால், கல்லோட ஒட்டின பக்கத் தண்டு வெந்து வெளிறும், அந்தக் காயத்தாலதான் மாரியில பூஞ்சணம் ஏறுது. அழுகல் மார்கழியில தெரியலாம், வழி திறந்தது ஆடியில. கல்லின்ர கிழக்குப் பக்கத்தில, ஒரு சாண் தள்ளி நடுங்கோ. கச்சான் அடிக்கேக்க கிழமைக்கு ஒருதரம், விடியக் காலமை, வேர்மட்டும் இறங்க ஊத்துங்கோ. தெளிச்சு விடுறது உதவாது.

மாரிமழை:
காயத்தைப் பற்றிச் சொன்னது சரி, அண்ணன். கல்லு வைக்கிறதையும் சொல்லிவிடுறன்: மூன்றில ஒரு பங்கு மண்ணுக்குள்ள இருக்க வேணும், மேற்பக்கம் வெளியால சரிய வேணும். குளிர்நாட்டுப் புத்தகத்தில உள்ளுக்குச் சரிக்கச் சொல்லுவினம், மழைத்தண்ணி வேருக்குப் போகட்டும் எண்டு. எங்களுக்கு மாரியில அது விலத்தவேண்டிய தண்ணி.

கச்சான்:
இதுக்கு நான் ஒத்துவரமாட்டன். வெளிச்சரிவிலால வழியிற மழை கல்லின்ர விளிம்புக்குக் கீழ மண்ணை அறுக்கும், ரெண்டு மாரியில கல்லு கவிழும். மட்டமாய் வச்சு, கீழ ஒரு கூடை கைமுட்டியளவுக் கல்லு அடுக்குங்கோ.

மாரிமழை:
அடுக்கினால் அறுக்காது. அதுக்குப் பிறகு ஏன் மட்டமாய் வைக்க வேணும்?

பவளமல்லி:
எப்ப தொடங்குறது? கலஞ்சோ எங்க வைக்கிறது?

கச்சான்:
தைக் கடைசியில மேடு கட்டி, மாசியில நடுங்கோ, மாரிக்கு முதல் எட்டு மாதம் வேர் பிடிக்கக் கிடைக்கும். அடீனியத்தைக் கவாத்துப் பண்ணுறதும் அப்பதான், புதுக்கிளையிலதான் பூ. யூபோபியாவை வெட்டேக்க பால் கண்ணில படாமல் பாருங்கோ. கலஞ்சோ ராப்பொழுது நீண்டால்தான் மொட்டு வைக்கும், தெருவிளக்கு வெளிச்சம் விழுற மூலையில வைக்காதேங்கோ.

மாரிமழை:
பத்துமணிப்பூவை நாலு மாதத்துக்கு ஒருக்கா நுனி கிள்ளிப் புதுசாய்க் குத்துங்கோ, இல்லாட்டித் தண்டுதான் நீளும். கல்லு எந்தப் பக்கம் சரிய வேணும் எண்டதை நீங்களே முடிவெடுங்கோ, நாங்கள் ரெண்டுபேரும் விடமாட்டம்.